சிலிகோன் மூக்கு, காதின் நிறம் மாறினால்: கழுவும் முன் பார்க்க வேண்டியவை

நிறம் மாறிவிட்டது என்று பட்டதும் கை தானாகச் சோப்பையும் பிரஷ்ஷையும் தேடும். கொஞ்சம் பொறுங்கள். செயற்கை மூக்கோ, காதோ, கண்குழி மூடியோ, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தே நிறம் போன உறுப்புகள் நிறைய. எதைப் போட்டுக் கழுவுவது என்பது அப்புறம். மாற்றம் எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

சிலிகோன் உறுப்பில் நிறம் இரண்டு விதமாக ஏற்றப்படுகிறது. வார்ப்பதற்கு முன்பே கலவையோடு நிறமியைச் சேர்த்துவிடுவது உள்நிறம். காவி, மஞ்சள் காவி, பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள், டைட்டானியம் வெள்ளை, மெல்லிய ரத்த நாளம் போலத் தெரிவதற்காகச் சேர்க்கும் சிவப்பு, நீல இழைத்தூள் எல்லாம் இதில் அடக்கம். வார்த்து எடுத்த பிறகு, அணியப்போகிறவரை எதிரில் உட்காரவைத்து, சிலிகோன் பசையில் நிறமியைக் கலந்து மெல்லிசாகத் தீட்டுவது மேல்பூச்சு. மூக்கு நுனியின் செம்மை, காது மடலின் விளிம்பில் ஓடும் சிவப்பு, மச்சம், மங்கு எல்லாம் பெரும்பாலும் இந்தப் பூச்சில்தான் இருக்கும். காகிதக் கனம்கூட இல்லாத அந்தப் பூச்சுதான் கழுவும்போது முதலில் அடி வாங்குகிறது.

இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். சிலிகோன் தண்ணீரை விலக்கும், எண்ணெயை இழுக்கும். தண்ணீரில் கரையும் கறை பெரும்பாலும் மேலேயே நிற்கும். எண்ணெயில் கரைவது உள்ளே இறங்கும். தேங்காய் எண்ணெய், தோலின் எண்ணெய்ப் பசை, மஞ்சள், அயோடின், பெட்ரோல், தின்னர் எல்லாம் இரண்டாவது வகை. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு இந்த ஒரு குணமே விளக்கம் சொல்லிவிடும்.

முதலில் நான்கு சோதனைகள்

பத்து நிமிட வேலை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், நேரடி வெயில் படாத இடத்தில் செய்யுங்கள்.

1. ஈரச் சோதனை. நிறம் மாறிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து விரலால் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்போது பழைய நிறம் திரும்பி, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் நிறமி போகவில்லை. மேற்பரப்பு கீறியிருக்கிறது, அல்லது அதன்மேல் ஏதோ படிந்திருக்கிறது. சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் நின்றுவிடும். ஈரத்திலும் வெளுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் நிறமே போயிருக்கிறது.

2. மறைவிடச் சோதனை. காதின் பின்பக்கத்தையும் மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பையும் பாருங்கள். முன்பக்கம் பார்த்த அதே சோப்பையும் தண்ணீரையும் இந்த இடங்களும் பார்த்திருக்கின்றன, ஆனால் வெயில் படவில்லை. முன்பக்கம் மட்டும் வெளுத்து மறைவிடம் அப்படியே இருந்தால் சோப்பைக் குற்றம் சொல்ல முடியாது. வெயிலோ உராய்வோ காரணம். இரண்டும் ஒரே அளவில் மாறியிருந்தால்தான் கழுவும் பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

3. பஞ்சுச் சோதனை. இயர்பட்டை நீர்த்த சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஓரமான ஓர் இடத்தில் பத்துத் தடவை மெதுவாக உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சில் சாம்பல் அல்லது மஞ்சள் அழுக்கு வந்தால் நல்ல செய்தி. செங்கல் நிறத்தில், தோல் நிறத்தில் தடம் விழுந்தால் மேல்பூச்சு கழன்று வருகிறது என்று பொருள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

4. மாதிரித் துண்டு. உறுப்பு வாங்கும்போதே அதே கலவையில், அதே பூச்சோடு நாணய அளவில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வெளிச்சம் படாத டப்பியில் போட்டு வைத்திருந்தால் எல்லாச் சந்தேகமும் ஒரு நொடியில் தீரும். பலர் கேட்பதில்லை. அடுத்த தடவையாவது கேளுங்கள்.

கருவி வைத்து அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிற வித்தியாசத்தை டெல்டா இ என்ற எண்ணால் சொல்வோம். சிலிகோன் தோல் மாதிரிகளில் வெளிர் நிறத்துக்கு சுமார் 1.1, கருநிறத்துக்கு சுமார் 1.6 வந்தால் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. பொறுத்துக்கொள்ளும் எல்லை முறையே 3.0, 4.4 அளவில் நிற்கிறது. ஆனால் ஒற்றை எண்ணை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை. எல் (வெளிர்மை), ஏ (பச்சையிலிருந்து சிவப்பு), பி (நீலத்திலிருந்து மஞ்சள்) மூன்றும் எந்தத் திசையில் நகர்ந்தன என்பதில்தான் காரணம் இருக்கிறது. எல் ஏறினால் கீறல், உப்புப் படிவு, வெளுப்பு. ஏ இறங்கினால் சிவப்பு நிறமி இழப்பு. பி ஏறினால் எண்ணெய், பசை, மஞ்சள், அயோடின்.

அறிகுறி: மொத்தமாகச் சாம்பல் பூத்தது போல வெளுப்பு, பெரும்பாலும் ஈரத்தில் மறைகிறது

மூன்று காரணங்கள் உண்டு. அடிக்கடி வருவது உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவைத்தால் கால்சியம் உப்பு படியும். அதே தண்ணீரில் கட்டிச் சோப்பும் போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகித் துளைகளிலும் சுருக்கக் கோடுகளிலும் தங்கிவிடும். குளியலறை வாளியின் உள்பக்கம் படியும் அதே பிசுக்குதான்.

நீக்க, வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சில் நனைத்து, படிவு உள்ள இடத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிடிமானத்துக்குக் காந்தம் பதித்த உறுப்பானால் காந்தத்தின் மேல் வினிகர் படக் கூடாது. முழுசாக அமிழ்த்த வேண்டாம். அதன்பின் கட்டிச் சோப்பை விட்டு, நிறமும் வாசனையும் இல்லாத நடுநிலை (காரமோ அமிலமோ அல்லாத) திரவச் சோப்புக்கு மாறுங்கள். கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் இருந்தால் போதும்.

இரண்டாவது காரணம் கீறல். பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் நார், பற்பசை, சமையல் சோடா மாவு, சாம்பல், எதைப் போட்டுத் தேய்த்தாலும் நுண்கீறல் விழும். பற்பசையில் மெருகேற்றும் துகள் இருக்கிறது. பல்லின் எனாமல் தாங்குவதைச் சிலிகோன் தாங்காது. கீறல் விழுந்த பரப்பில் அழுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும், அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், வட்டம் தொடரும். கீறலை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. தொழில்நுட்பர் மேலே மெல்லிய சிலிகோன் பூச்சுக் கொடுத்தால் மறையும்.

மூன்றாவது, நெடுநேரம் ஊறவைப்பது. சிலிகோனுக்கு வலு சேர்க்க நுண் சிலிகாத் தூள் கலந்திருக்கும். இரவு முழுக்கத் தண்ணீரிலோ பல்செட்டைச் சுத்தம் செய்யும் மாத்திரையின் கரைசலிலோ ஊறினால் சில உறுப்புகள் உள்ளே ஈரம் ஏறிப் பால் போல மங்கும். மேலே சொன்ன இரண்டைப் போலன்றி இந்த மங்கல் ஈரச் சோதனையில் மறையாது, காற்றில் காய வைத்தால் ஒரு நாளில் தெளியும். தெளிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. இனி ஊறவைக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

அறிகுறி: செம்மை போய், திட்டுத் திட்டாக வெளிறல்

இதுதான் பெரிய தலைவலி. வெளிறல் விழுந்திருக்கும் இடத்தை வைத்தே காரணம் சொல்லிவிடலாம்.

மூக்குப் பாலத்தின் இரு பக்கமும் அவரை விதை அளவில் வெளிறியிருந்தால் மூக்குக் கண்ணாடியின் தாங்கி தேய்த்தது. காதின் மேல்மடிப்பில் கோடாக இருந்தால் கண்ணாடிக் கால் அல்லது முகக்கவச நாடா. மூக்குச் சிறகின் புடைப்பிலும் காது மடலின் மேல்விளிம்பிலும் மட்டும் வெளுத்து, பள்ளங்களில் நிறம் அப்படியே இருந்தால் கழுவும் கைதான். துணியோ பிரஷ்ஷோ மேட்டில்தான் முதலில் படும். ஓரத்தைச் சுற்றி 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிறியிருந்தால், ஒட்டுப் பசையை நீக்கும்போது பூச்சும் கூடவே உரிந்து வந்திருக்கிறது. மேடு பள்ளம் பார்க்காமல், வெளிச்சம் படும் பக்கம் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் வெயில். சோப்புக்கு இதில் பங்கில்லை.

இரும்பு ஆக்சைடு நிறமிகள் சோப்பு, வெயில் இரண்டையும் நன்றாகத் தாங்கும். கரிமச் சிவப்புகள் தாங்காது. அதனால்தான் பழைய உறுப்பில் பழுப்பும் மஞ்சளும் நிற்க, சிவப்பு மட்டும் விடைபெற்று, உறுப்பு ரத்தமில்லாதது போலத் தெரிகிறது. ஹைப்போகுளோரைட் கலந்த வெளுப்பான், ப்ளீச்சிங் பவுடர் கரைசல், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் இந்த இழப்பை விரைவுபடுத்தும். கண்குழி உறுப்பில் நட்ட இமைமுடி, புருவமுடி நிறத்தையும் பெராக்சைடு செம்பட்டையாக்கிவிடும்.

ஸ்பிரிட் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிலிகோனை அவ்வளவாக ஊதவைக்காது. பசை நீக்க உள்பக்கத்தில் அளவாகப் பயன்படுத்தலாம். ஆனால் மேல்பூச்சு சரியாகப் பிடிக்காத உறுப்பில் அதுவே பூச்சைத் தூக்கிவிடும். கண்குழி உறுப்பின் செயற்கைக் கண் அக்ரிலிக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் அதில் முடி போன்ற வெடிப்புகள் ஓடி, கண் மங்கிவிடும். ஆகவே கண்குழி உறுப்பின் முன்பக்கத்தில் ஸ்பிரிட்டுக்கு இடமே இல்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய், டர்பன்டைன், பெயின்ட் தின்னர், இவை எந்தப் பக்கத்திலும் ஆகாது. சிலிகோன் இவற்றைக் குடித்து உப்பும், ஆவியானதும் சுருங்கும். அந்த உப்பல் சுருங்கலில் மேல்பூச்சு செதிலாகப் பிரிந்துவிடும்.

வெளிறிய மேல்பூச்சைத் திரும்பப் போடுவது தொழில்நுட்பர் வேலை. இளம் தொழில்நுட்பர்களுக்காக வரிசை:

1. திரவச் சோப்பில் கழுவி, அலசி, முழுதாகக் காயவிடுங்கள். பிறகு இழை உதிராத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, பூசப்போகும் இடத்தை மட்டும் ஒரே திசையில் துடைத்து, அரை மணி நேரம் காத்திருங்கள். எண்ணெய் ஊறிய உறுப்பில் இந்தப் படியைத் தாண்டினால் புதுப் பூச்சு ஒரு மாதம்கூட நிற்காது.

2. பழைய பூச்சில் தூக்கிக்கொண்டு நிற்கும் செதில்களைப் பஞ்சால் உருட்டி எடுத்துவிடுங்கள். அவற்றின் மேலேயே பூசினால் அவற்றோடு சேர்ந்தே புதியதும் உரியும்.

3. அசிடாக்சி வகைச் சிலிகோன் பசையில் நிறமி கலந்து, கரைப்பான் சேர்த்துப் பால் பதத்துக்கு நீர்க்கவையுங்கள். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சு நல்லது. கரைப்பான் அதிகமானால் அடியில் உள்ள சிலிகோன் உப்பும், நிறமும் ஏமாற்றும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

4. நிறத்தைப் பகல் வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்றில் பொருந்தி மற்றொன்றில் விலகும் கலவை, வெளியே போன அன்றே புகாராகத் திரும்பி வரும்.

5. இந்தப் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், இறுகும்போது வினிகர் வாடை வீசும். 24 மணி நேரம் விட்டு, வாடை போன பிறகே அணியக் கொடுங்கள். அமில வாடை இருக்கும்போதே ஒட்டினால் தோல் எரியும்.

6. கொடுப்பதற்கு முன் கண்ணில் படாத ஓரத்தில் சாதாரண டேப்பை அழுத்தி ஒட்டி உரித்துப் பாருங்கள். டேப்பில் நிறம் வந்தால் வாடிக்கையாளரின் சோப்பைத் திட்ட வேண்டாம், பூச்சே பிடிக்கவில்லை.

அறிகுறி: மஞ்சளாகிறது

உறுப்பு முழுக்கச் சீராக மஞ்சளானால், மறைவிடமும் சேர்ந்து மஞ்சளா என்று பாருங்கள். அங்கும் மஞ்சள் என்றால் சிலிகோனின் வகையே காரணமாக இருக்கலாம். தகரக் கூட்டுப்பொருளை வினையூக்கியாகக் கொண்டு இறுகும் சிலிகோன்கள், பிளாட்டினத்தால் இறுகும் வகைகளைவிட நிறம் மாறும் போக்கு உள்ளவை. எம்.டி.எக்ஸ். 4-4210, ஏ-2186 போன்றவை பிளாட்டினம் வகை. எதில் செய்தது என்று செய்தவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கழுவி இதைத் தீர்க்க முடியாது. புகை பிடிப்பவர்களின் மூக்கு உறுப்பிலும் முழு மஞ்சள் வரும். அது துவாரத்தைச் சுற்றி அடர்த்தியாக இருக்கும்.

தோலைத் தொடும் உள்பக்கம் மட்டும் மஞ்சளாகிக் கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தொடங்கினால் எண்ணெய். காது அணிபவர்களுக்குத் தலையில் தடவும் தேங்காய் எண்ணெய், மூக்கு அணிபவர்களுக்குத் தோலின் எண்ணெய்ப் பசை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், அதாவது கை தாங்கும் சூட்டில், நாலைந்து சொட்டுத் திரவச் சோப்பு விட்டு, விரல் நுனியால் இரண்டு நிமிடம் கழுவி, வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி இரவு வையுங்கள். காலையில் காகிதத்தில் எண்ணெய்த் தடம் தெரிந்தால் இன்னும் இறங்க வேண்டியது இருக்கிறது. மூன்று நான்கு நாள் தொடருங்கள். ஆழத்தில் ஊறியது முழுதாக வெளியே வராது. எண்ணெய் வைத்து ஒரு மணி நேரம் கழித்து, காதைச் சுற்றித் துடைத்துவிட்டு அணிவதுதான் தீர்வு. ஹேர் டை போடும் நாளில் காதைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். அந்தக் கறைக்கு மருந்து கிடையாது.

விரல் தடமாக, பளிச்சென்ற மஞ்சளா? சமையல் மஞ்சள். குழம்பு தொட்ட கையோடு மூக்கைச் சரிசெய்திருப்பார்கள். இதைக் கட்டிச் சோப்பால் கழுவினால் கறை கண் முன்னே செங்காவியாக மாறும். வேட்டியில் பட்ட மஞ்சள் சோப்புப் பட்டதும் சிவக்குமே, அதே வினை. சோப்பின் காரத்தில் மஞ்சளில் உள்ள குர்குமின் நிறம் மாறுகிறது. பயந்துபோய் இன்னும் சோப்புப் போட்டால் இன்னும் சிவக்கும். தண்ணீரில் நன்றாக அலசிக் காரத்தைப் போக்கினாலே பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். மிச்சத்தை நடுநிலைத் திரவச் சோப்பால் எடுங்கள். குர்குமின் எண்ணெயில் கரைவது என்பதால் உடனே கழுவினால் பெரும்பகுதி போகும், மறுநாள் என்றால் கொஞ்சம் தங்கும். தங்கியது வெளிச்சத்தில் நாளடைவில் தானாக மங்கும். அதற்காக உறுப்பை வெயிலில் காயப் போட வேண்டாம். மஞ்சள் போகும் முன் செம்மை போய்விடும்.

அறிகுறி: ஒரே நாளில் பழுப்பு, ஆரஞ்சு

படிப்படியாக வராமல் சட்டென்று வந்த நிறம் என்றால் ஏதோ இரண்டு பொருள் சந்தித்திருக்கின்றன. முந்தைய 24 மணி நேரத்தில் என்னென்ன பட்டது என்று எழுதிப் பாருங்கள்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் வெளுப்பானும் சேர்ந்தால் செம்பழுப்பு வீழ்படிவு உண்டாகும். ஒன்றில் ஊறவைத்து, சரியாக அலசாமல் மற்றொன்றில் போட்டால் துளைகளில் இது படிந்துவிடும். இரண்டையும் ஒரே வாரத்தில்கூட மாற்றி மாற்றிப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல். கடையில் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிப்பான்கள் பலவற்றில் நிறமும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். அவை உறுப்புக்கு ஆகாது. மருத்துவர் 4 சதவீதக் கழுவு திரவத்தை எழுதிக் கொடுத்தால், சோப்பை முழுக்க அலசிய பிறகே அதைப் பயன்படுத்துங்கள். சாதாரணச் சோப்பு மிச்சமிருந்தால் குளோர்ஹெக்சிடின் வேலை செய்யாமல் போகும். சொன்ன நிமிடத்துக்கு மேல் ஊறவைக்கவும் வேண்டாம்.

பொவிடோன் அயோடின் பட்ட இடம் தேன் நிறமாகும். அயோடின் சிலிகோனுக்குள் இறங்கக்கூடியது. மேலே உள்ளது கழுவினால் போகும். இறங்கியது காற்றில் மெதுவாக வெளியேறும், ஆனால் நாளாகும். காயத்துக்கு அயோடின் போட்டிருந்தால், தோலில் அது முழுதாகக் காய்ந்து துடைக்கப்படும் வரை உறுப்பை அணியாதீர்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பழுப்புக் கறையாகப் படியும். ஜென்ஷியன் வயலட் என்ற நீல மருந்து ஒருமுறை பட்டால் உறுப்பு போனது போனதுதான்.

சன்ஸ்கிரீன் தடவுபவர்களுக்குத் துருப் போன்ற ஆரஞ்சுத் தடம் வந்தால், களிம்பில் உள்ள அவோபென்சோனும் தண்ணீரில் உள்ள இரும்பும் சேர்ந்த வேலை. இரும்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீரில் கழுவும் வீடுகளில் வரும். காந்தத்தைச் சுற்றி வட்டமாகப் பழுப்பு வந்தால் அது அசல் துரு. காந்தத்தின் உறை விட்டுவிட்டது. எந்தக் கரைசலிலும் ஊறவைக்காமல் காந்தத்தை மாற்றக் கொடுங்கள்.

அறிகுறி: கரும்புள்ளிகள்

மிளகுத் தூள் தூவியது போல, உள்பக்கத்தில், அதிலும் மூச்சின் ஈரம் படும் மூக்குக் குழியில் வந்தால் பூஞ்சை. கேண்டிடா போன்றவை சிலிகோனின் மேல் படலமாகப் படர்வதோடு நிற்பதில்லை, பரப்புக்குள்ளும் வேர்விடும். பஞ்சில் உருட்டினால் புள்ளி வருகிறதா? வந்தால் மேலோடு இருக்கிறது. சோப்பில் கழுவி, பல்செட் மாத்திரை ஒன்றை உறை சொல்லும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து 15 நிமிடம் வைத்து, ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும். இந்த மாத்திரைகள் பலவற்றில் பெர்சல்பேட் உண்டு, சிலருக்கு ஒவ்வாமை தரும். தோலில் ஒட்டி அணியும் பொருள் என்பதால் அலசலில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பஞ்சில் வராத புள்ளி உள்ளே இருக்கிறது. வெளுப்பான் ஊற்றினால் புள்ளி மங்கும், பூஞ்சை இருக்கும், சுற்றியுள்ள செம்மை போகும். கீழே உள்ள தோல் சிவந்தோ அரித்தோ இருந்தால் உறுப்பைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த உறுப்புக்கு மாற்று செய்ய வேண்டியதுதான். கொதிக்கவைத்துக் கிருமி கொல்லலாம் என்று சிலர் அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். சிலிகோன் தாங்கும், உள்ளே பிடிமானத்துக்கு வைத்த அக்ரிலிக் தகடு கோணிவிடும். பிறகு நிறம் இருந்தும் உறுப்பு முகத்தில் உட்காராது.

அறிகுறி: ஓரத்தில் மட்டும் ஒரு கோடு

வெள்ளைக் கோடா, கறுப்புக் கோடா?

வெள்ளை என்றால் ஈரச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கீறல் வெள்ளை ஈரத்தில் மறையும். அக்ரிலிக் பசையின் மிச்சம் நேர்மாறு, காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வியர்வையோ தண்ணீரோ பட்டதும் பால் வெள்ளையாகிவிடும். மதியம் வியர்த்ததும் முகத்தில் வெள்ளைக் கோடு போட்டது போலத் தெரிகிறது என்றால் இதுதான். ஓரத்தை ஆள்காட்டி விரலின் மேல் படுக்கவைத்து, ஈரக் கட்டைவிரலால் ஓரத்தின் நீளவாக்கில் பசையை உருட்டி எடுங்கள். வெளிநோக்கி இழுத்தால் ஓரம் நீண்டு கிழியும். போகாததற்கு மட்டும் அந்தப் பசைக்கென்று கொடுத்த நீக்கி. தினமும் பழைய பசையின் மேலேயே புதிய பசை தடவும் பழக்கம் இருந்தால் இந்தக் கோடு கனத்துக்கொண்டே போகும்.

கறுப்பு என்றால், ஓரத்தின் பசையில் தூசி ஒட்டியிருக்கலாம், கழுவினால் போகும். அல்லது உள்ளே சிலிகோனும் அக்ரிலிக் தகடும் விட்டுப் பிரிந்து, இடுக்கில் அழுக்கு இறங்கியிருக்கலாம். விரலால் லேசாக அழுத்தும்போது கோடு அசைந்தால் இரண்டாவது. ஊசி, பல்குச்சி விட்டுத் தோண்டாதீர்கள், பிரிவு பெரிதாகும்.

அறிகுறி: எவ்வளவு கழுவினாலும் அடுத்த நாளே சாம்பல் நிறம்

உலர்ந்த உறுப்பை விரலால் தொட்டு எடுங்கள். விரல் ஒட்டி விடுபடுவது போல் இருந்தால் சிலிகோன் முழுதாக இறுகவில்லை. பிசுபிசுப்பில் தூசி வந்து உட்காருகிறது. வினையூக்கி அளவு பிசகியிருக்கலாம். பிளாட்டினம் வகையில் கந்தகம் பட்டாலும் இப்படி ஆகும். ரப்பர் கையுறையும், கந்தகம் கலந்த சில மாதிரிக் களிமண்களும் இதைச் செய்யும். செய்யும் இடத்தில் நைட்ரில் கையுறை போட வேண்டியதன் காரணம் இதுவே. அணிபவர் இதில் செய்ய ஒன்றுமில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒட்டாமல் வழுக்கும் பரப்பிலும் சாம்பல் சேர்ந்தால் அது சாதாரணத் தூசி. உலர் துணியால் துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறி இன்னும் இழுக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

அறிகுறி: உறுப்பு மாறவில்லை, ஆனால் பொருந்தவில்லை

மாதிரித் துண்டோடு உறுப்பு ஒத்துப்போகிறது, முகத்தோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மாறியது தோல். சித்திரை வெயிலில் கன்னம் கறுக்கும், சிலிகோன் கறுக்காது. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சுற்றுத் தோலின் கருமை மாதக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். வெயிலில் அதிகம் அலைபவர்கள் கோடைக்கு ஒன்று, மற்றக் காலத்துக்கு ஒன்று என்று இரண்டு நிறத்தில் செய்துகொள்வது வீண் செலவு அல்ல. ஒரே அச்சில் இரண்டும் வார்க்கலாம். கழுவிய பிறகு மினுமினுப்பு ஏறியதால் நிறம் மாறியது போலத் தோன்றுவதும் உண்டு. அலசாமல் விட்ட சோப்பில் உள்ள கிளிசரின் படலம் அது. இன்னொரு அலசலில் போய்விடும்.

தினசரிக் கழுவல்

இரவில் கழற்றியதும் செய்வது நல்லது. பசை அப்போது இளகியிருக்கும். வாஷ்பேசினில் ஒரு சிறு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஈர சிலிகோன் கை நழுவும், மெல்லிய ஓரம் பீங்கானில் பட்டால் கிழியும். பசையை முதலில் உருட்டி எடுங்கள். 200 மி.லி. அறை வெப்பத் தண்ணீரில் நாலைந்து சொட்டு நடுநிலைத் திரவச் சோப்பு. உள்பக்கத்தை விரல் நுனியாலோ குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷாலோ கழுவலாம். முன்பக்கத்துக்கு விரல் மட்டும், முப்பது வினாடி போதும். இரண்டு முறை அலசி, துடைக்காமல் ஒற்றி, நிழலில் காயவிட்டு, காற்றுப் போகும் மூடி உள்ள டப்பியில் வையுங்கள். ஈரத்தோடு இறுக மூடிவைத்தால் பூஞ்சைக்கு விருந்து. துணியில் சுற்றுவதானால் வெள்ளைத் துணியாக இருக்கட்டும். சாயம் போகும் துணியின் சாயத்தை ஈர உறுப்பு எடுத்துக்கொள்ளும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சிலிகோன் உறுப்பு பொதுவாக ஒன்று முதல் இரண்டு ஆண்டுதான் நன்றாக இருக்கும். அதற்குள் ஒரு தடவை மேல்பூச்சைப் புதுப்பிக்க வேண்டிவரலாம். புதுப்பிக்கவோ மாற்றவோ போகும்போது பழைய உறுப்பு, மாதிரித் துண்டு, பயன்படுத்தும் சோப்பு, பசை, பசை நீக்கி ஆகியவற்றின் உறைகள், இவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். போவதற்கு முந்தின நாள் உறுப்பைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். கறை எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத் தொழில்நுட்பர் அப்படியே பார்க்க வேண்டும்.